என்கிளெக்ஸ் தேர்வில் புதிய வகைக் கேள்விகள்: எப்படித் தயாராவது?

கேள்வி: நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் பணிபுரியும் செவிலியர். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வை ஒருமுறை எழுதினேன். 150 கேள்விகள் வரை சென்று தோல்வியடைந்தேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகள் எனக்குச் சிரமமாக இல்லை. ஆனால், ‘பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்னும் கேள்வி, அட்டவணையாக வரும் மேட்ரிக்ஸ், ஐந்து கட்டங்களை நிரப்பும் போ-டை, ஒரே நோயாளியைப் பற்றித் தொடராக வரும் கேஸ் ஸ்டடி ஆகியவை வந்தவுடன் தடுமாறிவிடுகிறேன். பயிற்சிக்கான கேள்வி வங்கியிலும் 55 சதவீதம்தான் வருகிறது. கேஸ் ஸ்டடியில் தவறினால் தேர்ச்சியே கிடையாது என்கிறார்கள். பழைய தேர்வர்கள் நினைவிலிருந்து எழுதிய கேள்விகளைப் படித்தால் போதும் என்று தோழிகள் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் துக்கத்தோடு எழுதியிருக்கும் ஒரு செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். 150 கேள்விகள் வரை சென்றது மோசமான தோல்வியின் அடையாளம் அன்று. இந்தத் தேர்வு, நீங்கள் தரும் ஒவ்வொரு விடைக்கும் பிறகு உங்கள் திறனைப் புதிதாகக் கணக்கிட்டு, அதற்கேற்ற கடினத்தில் அடுத்த கேள்வியைத் தேர்ந்து தருகிறது. குறைந்தபட்சமான 85 கேள்விகளுக்குப் பின், நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பதை 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்த கணத்தில் கணினி தேர்வை நிறுத்திவிடும். உங்களுக்கு அது 150 வரை நிறுத்தவில்லை என்றால், கடைசிவரை நீங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே இருந்திருக்கிறீர்கள் என்று பொருள். மருத்துவ அறிவு போதாதவர் அந்த இடத்தில் நிற்க முடியாது. கோட்டின் ஓரத்தில் நிற்பவரைக் கோட்டுக்கு மேலே கொண்டுவருவதற்கு என்ன வேண்டும் என்பதுதான் இப்போது நாம் பார்க்க வேண்டியது.

புதிய வடிவங்கள் ஏன் வந்தன என்பது புரிந்தால் அவற்றின்மேல் உள்ள அச்சத்தில் பாதி குறையும். தேர்வை நடத்தும் அமைப்பான என்சிஎஸ்பிஎன், 2023 ஏப்ரல் 1 முதல் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு நோயாளியின் நிலையைப் பார்த்து ஒரு செவிலியர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அளப்பதே இதன் நோக்கம். அந்த முடிவை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முக்கியமான அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது, எது முதன்மையான பிரச்சினை என்று வரிசைப்படுத்துவது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்ததால் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. வார்டில் இந்த ஆறையும் நீங்கள் தினமும் செய்கிறீர்கள். ஆனால் ஒரே மூச்சில், சொல்லாமல் செய்கிறீர்கள். தேர்வு ஒவ்வொரு படியிலும் உங்களை நிறுத்தி, ‘இதுவரை என்ன நினைத்தாய், காட்டு’ என்று கேட்கிறது. நீங்கள் தடுமாறுவது அங்கேதான் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது இன்னும் அதிகமான பாடம் அன்று. தெரிந்ததைப் படிப்படியாக எடுத்துச் சொல்லும் பழக்கம்.

முதலில் ‘பொருந்துவன எல்லாம்’ வகையை எடுத்துக்கொள்வோம். 2023-க்கு முன்பு இந்தக் கேள்வியில் ஒரு விடை விடுபட்டாலும், ஒன்று கூடினாலும் முழு மதிப்பெண்ணும் போய்விடும். உங்கள் சீனியர்கள் பலர் அந்தக் காலத்தில் எழுதியவர்கள் என்பதால், அவர்கள் சொல்லும் அறிவுரையும் அந்தக் கணக்கை ஒட்டியே இருக்கிறது. இப்போது சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கூடும், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும்; மொத்தம் சுழியத்துக்குக் கீழே போகாது.

ஓர் எடுத்துக்காட்டு. நுரையீரல் காசநோய் இருக்கலாம் என்ற ஐயத்தோடு ஒருவர் சேர்க்கப்படுகிறார். செவிலியர் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள் எவை? எதிர்மறை அழுத்த அறையில் வைத்தல். அறைக் கதவை மூடியே வைத்தல். உள்ளே செல்பவர் என்95 முகக்கவசம் அணிதல். நோயாளியை எக்ஸ்-ரேவுக்கு அனுப்பும்போது அவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க் அணிவித்தல். ஒவ்வொரு முறை உள்ளே செல்லும்போதும் ஸ்டெரைல் கையுறை அணிதல். அவருக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தல். முதல் நான்கும் சரி, பின்னிரண்டும் தவறு. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. ஆனால் காசநோயாளிக்குத் தனித் தட்டு வைப்பதை நம் வீடுகளில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம் என்பதால், படித்த செவிலியரின் விரலும் அந்த விடையின்மேல் போய்விடுகிறது. நான்கு சரியான விடைகளோடு இந்தத் தட்டையும் சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஆறையும் குறித்தால் கிடைப்பது இரண்டு. உறுதியாகத் தெரிந்த மூன்றை மட்டும் குறித்து நிறுத்தினாலும் மூன்று கிடைக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு விடையையும் தனியாக எடுத்து, ‘இந்த நோயாளிக்கு, இந்த நிலையில், இது சரியா தவறா’ என்று மட்டும் கேளுங்கள். சரியாக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்று தோன்றினால் குறியுங்கள். பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். எத்தனை விடைகள் சரியாக இருக்கும் என்று ஊகிக்கவே வேண்டாம். ஒன்றே ஒன்றும் சரியாக இருக்கலாம். எல்லாமே சரியாகவும் இருக்கலாம். ‘குறைந்தது மூன்று இருக்கும், எல்லாமும் ஒருபோதும் வராது’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் சூத்திரத்துக்கு எந்த அடிப்படையும் கிடையாது. அந்தச் சூத்திரத்தை நம்பி, சரியென்று தெரிந்த விடையையே அழித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதன் உறவினர் போலத் தோன்றும் இன்னொரு வகை உண்டு. அதில் ‘மூன்றைத் தேர்ந்தெடு’ என்று எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். அதில் தவறுக்குக் கழிவு கிடையாது. மேட்ரிக்ஸிலும் இப்படி இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு விடை குறிக்க வேண்டிய மேட்ரிக்ஸில் கழிவு இல்லை. எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்னும் மேட்ரிக்ஸில் கழிவு உண்டு. குறியிடும் இடம் வட்டமாக இருந்தால் வரிக்கு ஒன்று, சதுரமாக இருந்தால் பல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் மதிப்பெண் விதிகளை மனப்பாடம் செய்வதில் நேரம் செலவிட வேண்டாம்.

மேட்ரிக்ஸைப் பார்த்தவுடன் உங்களுக்கு வரும் மலைப்பு அதன் தோற்றத்தால் வருவது. தலையில் அடிபட்டு மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் நோயாளிக்கு, தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது ஏற்றதா, கழுத்தை மடித்துத் தலையணை வைப்பது ஏற்றதா, அடிக்கடி சக்ஷன் செய்வது (சளியைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது) ஏற்றதா, மலம் இளக மருந்து தருவது ஏற்றதா என்று நான்கு வரிகள் இருக்கும். இவை நான்கு சிறிய சரி-தவறுக் கேள்விகள், அவ்வளவுதான். உயர்த்துவது ஏற்றது, கழுத்தை மடிப்பது மூளையிலிருந்து இரத்தம் திரும்புவதைத் தடுக்கும் என்பதால் ஏற்றதன்று, அடிக்கடி சக்ஷன் அழுத்தத்தை ஏற்றும், முக்குவதைத் தவிர்க்க மலமிளக்கி உதவும். பயிற்சி செய்யும்போது ஒரு வெள்ளைத்தாளால் மற்ற வரிகளை மூடிவிட்டு ஒவ்வொரு வரியாக விடையளித்துப் பாருங்கள். சில நாட்களில் தாள் தேவைப்படாது.

போ-டை கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு படிகளும் ஒரே கேள்விக்குள் அடங்கியிருப்பது இதில்தான். நடுவில் ஒரு கட்டம்: நோயாளிக்கு என்ன நேர்ந்திருக்கிறது. இடப்பக்கம் இரண்டு கட்டங்கள்: செய்ய வேண்டிய இரண்டு செயல்கள். வலப்பக்கம் இரண்டு கட்டங்கள்: கண்காணிக்க வேண்டிய இரண்டு அளவுகள். ஆக ஐந்து விடைகள், ஐந்து மதிப்பெண்கள், கழிவு இல்லை.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 72 வயதுப் பெண்மணி, இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃபுரோசமைடும் எடுத்துவருபவர். மூன்று நாட்களாகக் குமட்டல், பசியில்லை. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். நாடித்துடிப்பு 50, சீரில்லை. இரத்த அழுத்தம் 112/68. பொட்டாசியம் 2.9. டிகாக்சின் அளவு 2.6. நடுக்கட்டத்துக்குத் தரப்பட்டவை: இதயச் செயலிழப்பு முற்றியது, டிகாக்சின் நச்சு, இரைப்பைக் குடல் அழற்சி, பக்கவாதம். செயல்களுக்கு: ஃபுரோசமைடு அடுத்த டோஸைக் கொடுப்பது, டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பது, ஈசிஜி மானிட்டரில் இணைப்பது, அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது, நடக்கச் சொல்வது. கண்காணிக்க: இதயத் துடிப்பின் சீர், பொட்டாசியம், இரத்தச் சர்க்கரை, உடல் வெப்பம், குடல் ஒலி.

நாடி 60-க்குக் கீழே, மஞ்சள் பார்வை, குமட்டல், அளவு 2-ஐத் தாண்டிய டிகாக்சின் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடுகிறது. எனவே நடுவில் டிகாக்சின் நச்சு. இடப்பக்கம் டிகாக்சினை நிறுத்தித் தெரிவிப்பதும் மானிட்டரில் இணைப்பதும். வலப்பக்கம் துடிப்பின் சீரும் பொட்டாசியமும். இங்கே தவறுபவர்கள் பெரும்பாலும் தவறுவது ஃபுரோசமைடில்தான். இதயச் செயலிழப்புக்கு ஃபுரோசமைடு என்பது அவர்கள் படித்த உண்மை, அது உண்மையும்கூட. ஆனால் இந்தப் பெண்மணிக்கு இந்த நேரத்தில் அது இருக்கும் பொட்டாசியத்தையும் குறைத்துவிடும். நோயின் பெயருக்கு விடை எழுதுவதற்கும் நோயாளிக்கு விடை எழுதுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் புதிய தேர்வு முழுவதும் சோதிக்கிறது.

போ-டையில் நடுக்கட்டத்தை முதலில் நிரப்புங்கள். பிறகு இரு பக்கங்களையும் நிரப்பியபின், நடுவில் எழுதியதோடு ஐந்தும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். கண்காணிப்புக்குப் பொருத்தமாக ஒன்றுமே இல்லாதது போல் தோன்றினால் நடுக்கட்டம் தவறாக இருக்க வாய்ப்புண்டு. அங்கே திரும்பிச் செல்லுங்கள்.

கேஸ் ஸ்டடிக்கு வருகிறேன். திரையின் ஒரு பாதியில் நோயாளியின் சார்ட் இருக்கும்: செவிலியர் குறிப்பு, வைட்டல்ஸ் (நாடி, இரத்த அழுத்தம் போன்ற அளவுகள்), ஆய்வக முடிவுகள், மருத்துவரின் ஆர்டர் என்று தாவல்கள். மறுபாதியில் கேள்வி. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள், மேலே சொன்ன ஆறு படிகளின் வரிசையில் வரும். மூன்று கேஸ் ஸ்டடிகள், அதாவது 18 கேள்விகள், மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும். இதில் தவறினால் தேர்ச்சி இல்லை என்று உங்களிடம் சொன்னது உண்மையன்று. இவற்றிலும் பகுதி மதிப்பெண் உண்டு. எல்லாக் கேள்விகளும் சேர்ந்துதான் உங்கள் திறன் கணக்கிடப்படுகிறது. அதோடு, முதல் 85-இல் 15 கேள்விகள் எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை எவை என்பது உங்களுக்குத் தெரியாது. விசித்திரமான ஒரு கேள்வி வந்து மனம் குலைந்தால், இது மதிப்பெண் இல்லாத கேள்வியாகவும் இருக்கலாம் என்று எண்ணி அடுத்ததற்குச் செல்லுங்கள்.

ஒரு கேள்விக்கு விடையளித்து நகர்ந்தபின் திரும்பிவர முடியாது. ஆனால் கேஸ் ஸ்டடியில் ஒரு கேள்வியில் செய்த பிழை அடுத்ததைக் கெடுக்காதபடியே கேள்விகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் கேள்வியிலோ நான்காம் கேள்வியிலோ சார்ட்டில் புதிய தகவல் சேரும். பலர் முதல் கேள்விக்குப் படித்த சார்ட்டை மனதில் வைத்தே ஆறுக்கும் விடையளித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு எந்தத் தாவலில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

சார்ட்டிலிருந்து சொற்றொடர்களைத் தொட்டு ஒளியூட்டும் கேள்விகளில் கழிவு உண்டு என்பதால், இயல்புக்கு மாறான எல்லாவற்றையும் தொட்டுவிடக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்பது அவருடைய வழக்கமான நிலையாக இருக்கலாம். அதே எண் நிமோனியாவோடு வந்த இளைஞனிடம் உடனே கவனிக்க வேண்டியது. எண்ணை மட்டும் பார்க்காமல், யாருடைய எண் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதுபோலவே காலப்போக்கில் மாறும் அளவுகளைக் காட்டும் கேள்விகள். வயிற்று அறுவை முடிந்த ஒருவருக்குக் காலை 8 மணிக்கு நாடி 84, இரத்த அழுத்தம் 128/78, சிறுநீர் மணிக்கு 50 மி.லி. பத்து மணிக்கு 98, 118/74, 38 மி.லி. பன்னிரண்டு மணிக்கு 116, 104/70, 22 மி.லி. பத்து மணி எண்களை மட்டும் காட்டினால் எந்த இன்சார்ஜ் சிஸ்டரும் பதற மாட்டார். மூன்று வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்ற ஐயம் எழ வேண்டும். நாடி ஏறுகிறது, அழுத்தமும் சிறுநீரும் இறங்குகின்றன. இப்படிப்பட்ட கேள்வியில் முதலில் ஒவ்வோர் அளவின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி அழிக்கும் பலகை ஒன்றைத் தேர்வு மையத்தில் தருவார்கள். மேல்நோக்கிய அம்பு, கீழ்நோக்கிய அம்பு என்று அதில் போட்டாலே போதும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் ஒரு வகையை மட்டும் எச்சரிக்கையாக அணுகுங்கள். ‘நோயாளிக்கு இன்னது ஏற்பட்டிருக்கக்கூடும்; இன்ன அறிகுறி அதற்குச் சான்று’ என்று இரண்டு இடங்களைக் காரணத்தொடர்பால் இணைத்திருந்தால், இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இங்கே சான்றிலிருந்து தொடங்குங்கள். சார்ட்டில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை முதலில் நிலைநிறுத்திவிட்டு, அது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் இரண்டும் பொருந்தி அமையும்.

இனி, கேள்வி வடிவம் கடினமாக இருப்பதால் வருவதுபோலத் தோன்றினாலும், உண்மையில் வேறு இடத்தில் இருக்கும் ஒரு சிக்கல். இந்தத் தேர்வு அமெரிக்கச் செவிலியரின் அதிகாரத்தையும் பொறுப்பையும் அடிப்படையாகக் கொண்டது. நம் மருத்துவமனைகளில் எது நடந்தாலும் முதலில் ‘டாக்டருக்குச் சொல்’ என்பதே பழக்கம். இரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் முதுகுவலியும் வந்தால், தேர்வு எதிர்பார்க்கும் முதல் செயல் இரத்தத்தை நிறுத்துவது. பிறகு புதிய குழாயில் நார்மல் சலைனை ஓடவிட்டு நரம்புவழியைத் திறந்து வைப்பது, அதன் பின்னரே மருத்துவருக்குத் தெரிவிப்பது. செவிலியரே செய்யக்கூடிய, உயிரைக் காக்கும் செயல் விடைகளில் இருக்கும்போது தொலைபேசியை எடுப்பது முதல் விடையாகாது.

வேலையைப் பகிர்ந்தளிக்கும் கேள்விகளும் அப்படியே. 2023-இன் தேர்வுத் திட்டத்தில் பராமரிப்பு நிர்வாகம் என்ற பகுதிக்கு 15 முதல் 21 சதவீதம் ஒதுக்கப்பட்டிருந்தது; எல்லாப் பகுதிகளிலும் அதுவே பெரியது. மருந்தியலுக்குக்கூட 13 முதல் 19 சதவீதம்தான். நம்மவர்கள் மருந்தியலில் மாதக்கணக்காக மூழ்கிவிட்டு இந்தப் பகுதியைப் புரட்டிப்பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலனை ஆராய்தல் ஆகியவற்றைப் பதிவுபெற்ற செவிலியர் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. உடல்நிலை சீராக உள்ள நோயாளிக்கு வாய்வழி மருந்து தருவதை, பதிவுபெற்ற செவிலியருக்கு அடுத்த நிலையில் உரிமத்தோடு பணிபுரியும் எல்பிஎன்னிடம் கொடுக்கலாம். அப்படிப்பட்ட நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, வைட்டல்ஸ் எடுப்பது ஆகியவற்றை உதவியாளரிடம் விடலாம். நம் ஊரில் எல்பிஎன் என்ற நிலையே இல்லாததால், இதை அனுபவத்திலிருந்து கற்க உங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்காது. படித்துத்தான் கற்க வேண்டும்.

நோயாளியின் உரிமை பற்றியும் ஒரு சொல். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் என்று மகன் கேட்டுக்கொள்வது நமக்குப் பழகிய காட்சி. நாமும் பல நேரம் இசைந்துவிடுகிறோம். தேர்வில், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய அந்தத் தாய்க்குத் தன் நோயைப் பற்றி அறியும் உரிமை மகனுடைய விருப்பத்துக்கு மேலானது. இவ்வகைக் கேள்வி மேட்ரிக்ஸ் வடிவிலோ, ‘பொருந்துவன எல்லாம்’ வடிவிலோ வரும்போது, வடிவம் குழப்புகிறது என்று நினைத்துவிடுகிறோம். குழப்புவது நம் பழக்கம்.

எப்படிப் பயிற்சி செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த பயிற்சிக் கருவி உங்கள் வார்டு. டியூட்டி முடிந்து ஹேண்டிங் ஓவர் கொடுத்தபின், அன்று பார்த்த நோயாளிகளில் ஒருவரை, பெயரும் அடையாளமும் இல்லாமல், ஒரு நோட்டில் ஆறு வரிகளாக எழுதுங்கள். எந்த அறிகுறிகள் முக்கியம்? அவை எதைக் காட்டுகின்றன? அதில் முதன்மையானது எது? என்னென்ன செய்திருக்கலாம், எதைச் செய்திருக்கக் கூடாது? முதலில் செய்தது என்ன? பலன் கிடைத்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தேர்வின் சார்ட் மொழி கைக்கு வந்துவிடும். ‘எதைச் செய்திருக்கக் கூடாது’ என்ற வரியை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தவறான விடைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

கேள்வி வங்கியில் நீங்கள் பெற்ற 55 சதவீதத்தைப் பற்றி வருந்தியிருந்தீர்கள். அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, தெரிந்தும் சார்ட்டில் அறிகுறியைக் கவனிக்கவில்லையா, கேள்வி கேட்டதை விட்டு வேறொன்றுக்கு விடையளித்தீர்களா, சரியாகக் குறித்துவிட்டுச் சந்தேகத்தில் மாற்றினீர்களா. நீங்கள் எழுதியதைப் பார்க்கும்போது உங்கள் பிழைகளில் பெரும்பகுதி இரண்டாவதும் நான்காவதுமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் பாடப்புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பது வீண். சரியாக விடையளித்த கேள்விகளிலும், ஒவ்வொரு விடைக்கும் தரப்பட்ட விளக்கத்தைப் படியுங்கள். ஒரு நாளைக்கு எழுபத்தைந்து கேள்விகளை ஓட்டிச் செல்வதைவிட இருபத்தைந்தை விளக்கத்தோடு படிப்பது மேல்.

பயிற்சியைக் கைபேசியில் செய்யாதீர்கள். சார்ட்டின் தாவல்களைத் திறப்பதும், விடையை இழுத்துக் கட்டத்தில் விடுவதும் கணினியில் சுட்டியைப் பிடித்துச் செய்து பழக வேண்டியவை. என்சிஎஸ்பிஎன் தன் இணையதளத்தில் மாதிரித் தேர்வை இலவசமாகவே வைத்திருக்கிறது. உண்மையான திரை எப்படி இருக்குமோ அப்படியே அது இருக்கும். தேர்வுக்கு முன்பு அதை ஒருமுறையாவது முழுமையாகச் செய்துவிடுங்கள்.

நினைவிலிருந்து எழுதிய கேள்விகளை விலைகொடுத்து வாங்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக் கேள்விகளை வெளியிடுவதில்லை என்ற உறுதிமொழியை ஏற்ற பின்னரே ஒவ்வொருவரும் தேர்வெழுதுகிறார்கள். அதை மீறிய பொருளில் கைவைத்தால் உங்கள் முடிவும் உரிமமும் ஆபத்துக்குள்ளாகும். அதைவிட, உங்கள் தேர்வில் வரும் கேள்விகள் உங்கள் விடைகளைப் பொறுத்துப் பெரும் தொகுப்பிலிருந்து எடுக்கப்படுபவை. இன்னொருவருக்கு வந்தவையே உங்களுக்கும் வரும் என்று சொல்ல முடியாது. சார்ட்டில் ஓர் எண்ணை மாற்றினால் விடையே மாறிவிடும் கேள்விகளை நினைவில் வைத்து என்ன பயன்?

நேரத்தைப் பற்றி: ஐந்து மணி நேரம், அதிகபட்சம் 150 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். கேஸ் ஸ்டடியின் முதல் கேள்விக்கு நான்கு நிமிடம் போனாலும் கவலைப்படாதீர்கள். சார்ட்டைப் படித்தபின் மற்ற ஐந்தும் விரைவாக நகரும். இரண்டு மணி நேரம் கழித்தும், மூன்றரை மணி நேரம் கழித்தும் இடைவேளை எடுத்துக்கொள்ளலாம் என்று திரை சொல்லும். அந்த நேரம் மொத்தமுள்ள ஐந்து மணி நேரத்திலிருந்தே கழியும் என்றாலும், முதல் இடைவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்து முகம் கழுவி வருபவர் இழப்பது சில நிமிடங்களைத்தான்; களைத்துப்போய் ஒரே சார்ட்டை மூன்று முறை படிப்பவர் அதைவிட அதிகமாக இழந்துவிடுகிறார்.

தோல்வியடைந்தவர்களுக்குத் தரப்படும் செயல்திறன் அறிக்கை உங்களிடம் இருக்கும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்று குறித்திருப்பார்கள். ‘கீழே’ என்றுள்ள பகுதிகளை முதலில் எடுங்கள். ‘அருகே’ என்றவற்றை அடுத்து. ‘மேலே’ என்றவற்றைத் தொட வேண்டாம், வாரம் ஒருமுறை சில கேள்விகள் செய்தால் போதும். மறுதேர்வுக்கு இடையே குறைந்தது 45 நாட்கள் இடைவெளி வேண்டும் என்பது விதி. உங்கள் நிலையில் அந்த 45 நாளிலேயே எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் நீட்டிக்க வேண்டாம். நீளும்தோறும் முதலில் படித்தவை மறந்துபோகும்.

வேலையை விட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வருமானம் நின்றால் வரும் நெருக்கடி ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் தேர்வுக்கு உங்களிடம் இருக்கும் பெரிய பலமே தினமும் நோயாளிகளைப் பார்ப்பதுதான். வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை மட்டும் பார்த்தால் நோயின் பெயருக்கு விடையளிக்கும் பழைய பழக்கமே திரும்ப வரும். வேண்டுமானால் உங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் நிலையைச் சொல்லி, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு நைட் டியூட்டி போடாமல் இருக்கக் கேளுங்கள். இரவு விழித்துப் பழகிய உடம்போடு காலை எட்டு மணிக்குத் தேர்வு மையத்தில் உட்கார்ந்தால், பத்து மணிக்கு வரும் சார்ட்டில் நாடி ஏறுவதும் சிறுநீர் குறைவதும் கண்ணில் படாது. தேர்வு நாளை முன்பதிவு செய்யும்போதே, அந்த வாரத்தின் டியூட்டி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.